ஊக்குக் குத்தாமல் தைத்த போர்வை

மகனே,

நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "அப்பா கூப்பிடுறாரு" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அப்பா அப்போது வீட்டிலேயே இல்லை. கலியாணம் முடிந்து நீயும் சுகந்தியும் வெலிமடையில் குடியேறிய பிறகு முதல் தடவையாக ஆற அமரப் பேசுகிறாய். வீடு நன்றாக இருக்கிறதா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ சொன்னாய்: "போர்வை சூப்பரா இருக்கும்மா, குளிரே தெரியல. யாருகிட்ட குடுத்துத் தச்சீங்க?" யாருகிட்ட குடுத்து! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நிமிடமே பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெண்டாட்டி களுக்கென்று சிரித்தது எனக்கும் கேட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அதனால் அவளைக் குடையாதே. போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இதையும் யாரோ எழுதிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளாதே.

அந்தப் போர்வையை நான் தைத்தேன். இந்தக் கையால் தைத்தேன். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள், மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கலியாணம் நிச்சயமானால், போர்வை தைக்க வீட்டுக்கு ஒரு துணித் துண்டு கேட்டு வாங்குவது உனக்குத் தெரியும். நீ கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு இங்கே நடந்த கலியாணங்களுக்கு வந்தது குறைவு, அதனால் மறந்திருப்பாய். உடுத்திய துணியாக இருக்க வேண்டும், கிழிசலாக இருக்கக் கூடாது. அதுதான் சட்டம். புதுத் துணி கொடுப்பதும் பிழைதான். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா போன தடவை பெருமைக்கு ஒரு புதுச் சீத்தைத் துணியை வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க, "ஏங்க்கா, இது இன்னும் உங்க ஒடம்பு சூட்டையே பாக்கலியே, இத வச்சு எப்புடி குளிர் போக்குறது?" என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணியே அவரை ஓட வைத்தார்கள். இந்தத் தடவை அவர் கொடுத்தது, அவர் மகள் பெரியபிள்ளையானபோது உடுத்திய சேலையின் முந்தானை. போர்வையின் நடுவில் ஊதாவாக இருக்கிறதே, அதுதான். உன் தலைமாட்டில் வருகிற கோடு போட்ட துண்டு அப்பா இடுப்பில் கட்டிய சாரம். துண்டுகளைச் சேர்த்து மேல்துணி செய்வது எனக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. தையல் மெஷினை மிதிப்பது கால், துணியைத் தள்ள உள்ளங்கை போதும். கோயிலில் ஃபாதர் உங்கள் கலியாணத்தை அறிவிக்கிற மூன்று ஓலைகளில் முதலாவதை வாசித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மேல்துணி தயாராகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். போர்வை என்றால் மூன்று அடுக்கு, மெஷின் இழுக்காது, கையால்தான் தைக்க வேண்டும். அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை, நடுவில் நம்முடைய பழைய கம்பளி, மேலே துண்டுகள் சேர்த்த துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, தைப்பதற்கு முன்னால் கையகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்த வேண்டும். தைத்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நான் பெரியவளான காலத்திலிருந்து அப்படித்தான் செய்து வந்தேன். இந்தத் தடவை தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு, முதல் ஊக்கைத் திறக்கப் போனேன். திறக்க முடியவில்லை. என் கட்டைவிரல் ஊக்கை அழுத்த மறுத்துவிட்டது. பல்லால் கடித்துத் திறந்தேன், மூட முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மூட்டுவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து வருகிறார்கள், உனக்கும் தெரியும். ஆனால் அது காலையில் கொஞ்சம் பிடிப்பதும் தேத்தண்ணிக் கோப்பை நழுவுவதுமாக மட்டுமே இருந்தது. ஊக்குக்கு முன்னால் தோற்றுப் போவேன் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஓலை வாசித்து, இந்தக் கலியாணத்துக்கு யாராவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்டபோது, எழுந்து நிற்க வேண்டியது என் கட்டைவிரல்தான்.

அந்த வாரம் பார்த்து நீ போன் எடுத்தாய். அப்பா உளறிவிட்டார் என்று எனக்குத் தெரியும். "விடுங்கம்மா, கையக் கஷ்டப்படுத்திக்காதீங்க. கடையில நல்ல போர்வையா நானே வாங்கிக்கிறேன்" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். ஆனால் எனக்கு நெஞ்சு எரிந்தது. உனக்குப் புரிய ஒன்று சொல்கிறேன். பசறைப் பள்ளிக்கூடத்தில் வெசாக் பண்டிகைக்குத் தாள் விளக்குக் கூடு செய்யச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? மூங்கில் குச்சி கட்டி, கலர்த் தாள் ஒட்டி, வாலுக்குத் தாள் நறுக்கி நீயே செய்துகொண்டிருந்தாய். பாதியில் நீ குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா மிச்சத்தை எல்லாம் அழகாக ஒட்டி முடித்துவிட்டார். நீ வந்து பார்த்தாய். அடுத்த நிமிடம் கூடு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. "அது அப்பா கூடு, எனக்கு வேணாம்" என்று கத்திவிட்டு, சோறும் வேண்டாம் என்று கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டாய். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானேடா ஒட்டிக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ போனில் "நானே வாங்கிக்கிறேன்" என்று சொன்னபோது எனக்கு அந்தக் கூடுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உனக்கு வந்த கோபம் எனக்கு வரக் கூடாதா? என் மகனுக்கு நான் தைக்கிற போர்வை அது. முடிகிறதோ இல்லையோ, என் கை முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் விடும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஊக்கு முடியாவிட்டால் என்ன, குண்டூசி இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். குண்டூசியை அழுத்தித் திறக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். பாதித் துணிக்குக் குத்தி, சுருட்டி ஒரு மூலையில் வைத்தேன். நம் நமுனுகுல மலையின் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து குடியிருந்தது. பிறகு விரித்துப் பார்த்தால் அடிச்சேலையில் குண்டூசி இருந்த இடமெல்லாம் பழுப்புப் பழுப்பாகத் துருப் புள்ளி. நல்ல காலம், மேல்துணியில் ஓரத்தில் மட்டும்தான் பட்டிருந்தது. அந்த ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன், தேடாதே. போதாக்குறைக்கு அப்பா அந்தச் சுருட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் துள்ளிக் குதித்து எழும்பிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்தது கோதுமை மாப் பசை. லயத்துச் சுவரில் பேப்பர் ஒட்டுவதற்குக் காய்ச்சுவோமே, அதேதான். அந்தப் பேப்பர் வருஷக்கணக்காக விழாமல் நிற்கிறது, துணியை நாலு வாரத்துக்குப் பிடிக்காதா என்று நினைத்தேன். பசை என்னவோ நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் சுவரில் பூசினால் அடுப்புப் புகை பட்டு அது கல்லாகக் காய்ந்துவிடும். கம்பளிக்குள் பூசினால் காயவே காயாது. எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு நாளில் புளித்த வாடை. மூன்றாம் நாள் எலி வந்து ஒரு மூலையைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, மருமகளுக்குப் போர்வ தைக்கிறியா, இல்ல எலிக்கு ரொட்டி சுடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதை லயம் முழுக்கச் சொல்லியும் வைத்தார். எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, எலி கடித்த இடத்துக்கு வேறு துண்டு வைத்து, திரும்பவும் முதலிலிருந்து. அதற்குள் இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது.

இப்போது உன் அப்பாவின் முறை. பசறையில் பஸ் சீட்டுக்குக் குஷன் தைத்துத் தைத்தே தலை நரைத்த மனிதர். ரெக்சினையும் ஸ்பொஞ்சையும் ஒட்டுகிற சொலுஷன் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இந்தா, பசன்னா இது பச. நம்ம சீட்டு மேல யான ஒக்காந்தாலும் பிரியாது" என்றார். பிரியாதுதான். பிரிய வேண்டுமே, தம்பி! தைக்கும் வரைக்கும் பிடித்திருந்தால் போதும், அதற்குப் பிறகு போய்விட வேண்டும் என்று நான் சொன்னது அவருடைய காதில் ஏறவில்லை. குஷன்காரருக்குப் பசை என்றால் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு மூலையில் பூசிக் காட்டினார். அந்த மூலை பலகையாகிவிட்டது. ஊசி இறங்கவில்லை, வீடு முழுக்கச் சொலுஷன் வாடை, எனக்குத் தலைவலி. அந்த மூலையை வெட்டி எடுத்து வேறு துண்டு வைத்துத் தைக்க வேண்டியதாகப் போயிற்று. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவரும் ஒரு மாதிரிக் குற்றவாளி முகத்தோடு, கேட்காமலேயே விறகு பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊக்கும் இல்லை, குண்டூசியும் இல்லை, பசையும் இல்லை என்றால் நீள நீளமாக நூல் ஓட்டி வைக்கலாம், பிறகு உருவிப் போடலாம். அதற்கும் தரையில் மண்டியிட்டுத் துணியின் நடுப்பகுதி வரைக்கும் தவழ வேண்டும். ஒரு வரிசை ஓட்டிவிட்டு எழும்ப முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில், "அத்தை, இருக்கீங்களா?" என்று சுகந்தி. அவளும் அவள் அம்மாவும் கலியாணச் சாமான் வாங்கப் பதுளைக்கு வந்தவர்கள், கையில் லீக்ஸும் கரட்டுமாக ஒரு பையோடு நம் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். கலியாணப் பெண்ணுக்கான போர்வையை அவள் பார்க்கக் கூடாது என்று ஒளிக்கப் பார்த்தேன். என்னால் சட்டென்று எழும்பவே முடியவில்லை, எங்கே ஒளிப்பது? அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஏது என்று கேட்டாள். எனக்கு அவளிடம் சொல்ல விருப்பமில்லை. ஆனால் பாக்கியம் அக்காவும் கூடவே வந்துவிட்டார், எலி ரொட்டிக் கதை உட்பட எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தை, நான் சொல்லிக் குடுக்குற முன்பள்ளியில பிள்ளைங்க தாள் ஒட்டுற வெள்ள கம் இருக்குல்ல? அது தினமும் அதுங்க சட்டையில, முடியில எல்லாம் அப்பிக்கிடும். காஞ்சா கெட்டியாப் புடிச்சுக்கும். பச்சத் தண்ணியில நனைச்சுக் கசக்குனா போயிரும். அதப் போட்டுப் பாப்பமா?" என்றாள். அவளுடைய கைப்பைக்குள்ளேயே ஒரு சின்னக் கம் போத்தல் இருந்தது, கூடவே இரண்டு கலர் பென்சிலும் யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் சொக்ஸும். வெட்டி மிஞ்சிய துணியில் கோடாக இழுத்து, கம்பளித் துண்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினோம். காய்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், பிடித்திருந்தது. மடித்துப் பார்த்தேன், வளைந்தது. தண்ணீரில் போட்டுக் கசக்கினேன், விட்டுவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். அதை மறைத்துக்கொண்டு, "ம், பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் அவள் அந்தத் தவறைச் செய்தாள். "அப்ப நானே ஒட்டித் தச்சுக் குடுத்துர்றேன் அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி ஊசியை எடுத்தாள். நான் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான். ஆனாலும் அவள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஊசியத் தொடாத. இது நான் தைக்கிறது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாகப் போய்விட்டது, கலியாணத்துக்கு முன்னாலேயே மருமகளை அடித்துவிட்டேனே என்று. அவள் என் விரல்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊசியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "சரி. ஊசி உங்களுது, கம் என்னுது" என்றாள். அந்த ஒரு பேச்சில் அவள் எனக்கு மகளாகிவிட்டாள். மறைத்து எழுத என்ன இருக்கிறது? உன் தெரிவு எப்படியோ என்று அதுவரைக்கும் எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அது அன்றைக்கே போய்விட்டது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, போர்வையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பசறைக்குப் பஸ் ஏறினோம். அப்பாவின் கடையில் ரெக்சின் வெட்டுகிற நீள மேசை இருக்கிறது, அதில் என்றால் மண்டியிட வேண்டாம். பஸ்ஸில் கண்டக்டர், "என்னாங்கம்மா, வீட்டையே சுருட்டி எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்க, "இல்ல தம்பி, மகனோட கலியாணத்த" என்று சொல்லிவிட்டேன். சுகந்தி வெலிமடையிலிருந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டாள், பை நிறையக் கம் போத்தலோடு. அடிச்சேலையை மேசையில் இழுத்து விரித்து, ஓரங்களைத் துணிக் கிளிப்பால் மேசையோடு பிடித்தோம். கம்பளியை மேலே போட்டு, பாதியை மடித்து, கம்மை மெல்லிய கோடாக இழுத்து, மடித்த பாதியை நடுவிலிருந்து வெளியே தடவித் தடவி இறக்கினோம். பிறகு மற்றப் பாதி. அதற்கு மேலே, அதே மாதிரி, துண்டுத் துணி. ஓர் இடத்தில் அப்பா ஆசையாகக் கம்மைக் குவித்து ஊற்றிவிட்டார். "மாமா, கட்டியா ஊத்துனா ஊசி எறங்காது, கோடு மட்டும்" என்று அவள் அதட்ட, அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குஷன் கடையில் பசைக்காக அவர் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நாங்கள் அவ்வளவு சிரித்தோம், பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தட்டி என்ன விசேஷம் என்று கேட்டார்.

ஒட்டி முடித்து இஸ்திரி போட்டதும் மூன்று துணியும் ஒரே துணியாகிவிட்டது. குத்துகிற ஊக்கு எதுவும் இல்லாததால் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து தைக்கலாம். ஆனால் சின்ன ஊசி என் விரலில் நிற்கவில்லை. அதைக் கவனித்த அப்பா கடையிலிருந்து தடித்த ஊசி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பாதியில் சைக்கிள் டியூபை மெல்லியதாக வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். கைக்குள் அடங்கி நின்றது. சொலுஷன் பாவத்தை அதோடு மன்னித்துவிட்டேன். ஒரு நாள் மூன்று வரிசை ஓடும், ஒரு நாள் ஒரு வரிசை. மழை நாளில் விரல் மடங்கவே மடங்காது, அன்றைக்கு வெந்நீரில் கையைப் போட்டுக்கொண்டு போர்வையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வரிசை கோணல். நீ உற்றுப் பார்த்திருந்தால் யாரிடம் கொடுத்துத் தைத்தது என்று கேட்டிருக்க மாட்டாய். மூன்றாம் ஓலையும் வாசித்து இரண்டு வாரம் கழித்து ஒரு வழியாகக் கடைசித் தையலையும் போட்டு முடிச்சுப் போட்டேன். முடிச்சை இறுக்கியதும் பல்லால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்றைக்கும் எனக்கு நிம்மதியில்லை. கம் இருக்கும் வரைக்கும் போர்வையைப் பிடித்திருப்பது கம்மா, என் தையலா என்று யாருக்குத் தெரியும்? கழுவினால்தான் தெரியும். என் தையல் தளர்வாக இருந்தால் தண்ணீரிலேயே கம்பளி ஒரு பக்கம் குவிந்து, துண்டுகள் ஒரு பக்கம் தொங்கி, எல்லாம் போய்விடும். பிரித்துத் தைக்க நாளும் இல்லை, என் விரலில் சக்தியும் இல்லை. வெயில் வந்த ஒரு காலையில், மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சுகந்தி முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். லயத்துப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், அவரவர் துணித் துண்டு அதில் இருக்கிறதே. பீலித் தண்ணீர் விழுந்து துணி நனைந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கம் கரைந்து ஓட ஆரம்பித்தது. நான் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. சவுக்காரம் போட்டுக் கசக்குகிற சத்தம், அலசுகிற சத்தம், திரும்பவும் அலசுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. "அத்தை, திரும்புங்க" என்றாள். ஒரு நுனியை அவள், ஒரு நுனியைப் பாக்கியம் அக்கா என்று இழுத்து விரித்துப் பிடித்திருந்தார்கள். ஒரு துண்டு நகரவில்லை. கம்பளி எங்கும் குவியவில்லை. என் கோணல் வரிசைகள் எல்லாம் அப்படி அப்படியே நின்றன. பாக்கியம் அக்கா கையை வாயில் வைத்து ஒரு குலவை போட்டார் பார், மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கிருந்தே பதில் குலவை போட்டார்கள். என்னவென்று தெரியாமலேயே போட்டார்கள். நான் ஈரப் போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் உன்னைப் பெற்ற நாளுக்குப் பிறகு இதுதான்.

இதில் ஏதாவது பெரிய வாழ்க்கைத் தத்துவம் இருக்கிறதென்று தேடாதே. அப்பா ஏற்கெனவே தேடிக் கண்டுபிடித்து, கலியாண வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் பசையையும் பந்தத்தையும் பற்றிப் பிரசங்கம் செய்து, சாப்பாட்டுப் பந்தியையே தாமதமாக்கினார். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சுகந்தி ஏதாவது ஒன்றைத் தன் கையால் செய்ய நினைத்துத் திணறிக்கொண்டிருந்தால், "விடு, நான் வாங்கித் தாறேன்" என்று சொல்லாதே. "தள்ளு, நான் செய்றேன்" என்றும் சொல்லாதே. துணி நழுவாமல் பிடித்துக்கொள், அது போதும். சொலுஷன் டின்னைத் தூக்கிவந்த அப்பாவும் அன்பில்தான் வந்தார், டியூபைச் சுற்றிக் கொடுத்த அப்பாவும் அன்பில்தான் வந்தார். இரண்டாவது அன்பில்தான் எனக்கு வேலை நடந்தது. உனக்கு அப்பாவின் அவசரம் இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். நீ புதிதாகப் போட்டிருக்கிற போன் திருத்தும் கடையிலும் அவள் வந்து ஒன்றைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால், திறக்கட்டும். ஒரு திருகாணி தொலைந்தால் உலகம் முடிந்துவிடாது.

இன்னொன்று. போர்வை நன்றாக இருக்கிறதென்று அலுமாரியில் மடித்து வைத்துவிடாதே, தினமும் போர்த்துக்கொள். வெலிமடைக் குளிர் சும்மா விடாது. அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் கழுவு. ஒரு நாள் எங்காவது ஒரு வரிசையில் நூல் அறும், ஒரு துண்டு பிரிந்து தொங்கும். அப்போது நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுத வந்தேன். எழுதவில்லை. நீயும் தைக்காதே, அவளும் தைக்க வேண்டாம், கடையிலும் கொடுக்காதே. அன்றைக்கு என் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதை யோசித்துக்கொண்டிருக்காதே. சுருட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து என் மடியில் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா